யூதர்களின் மரபணு வழிவரலாறு: நண்பருக்கு ஒரு மடல்

அன்புள்ள நண்பர் சுந்தரம் அவர்களுக்கு,

நலம்; நலமறிய அவா. கண் அறுவைக்குப் பின் சில வாரங்கள் படிக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், யூதர்களின் மரபணு வழிவரலாறு குறித்து நீங்கள் அனுப்பிய இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரையை இப்போதுதான் முழுமையாகப் படித்தேன். அதை நம்பி மேற்கோள் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். தகவல்களில் பெரும்பாலானவற்றை நம்பலாம். அவற்றை அடுக்கியிருக்கும் முறையை நம்பக் கூடாது என்பதே என் கருத்து.

எந்தச் சான்று எந்தக் கேள்விக்கு விடை சொல்லும் என்பதை விளக்காமல், ஆய்வுகளை ஆண்டு வரிசையில் கோத்து, எல்லாவற்றுக்கும் ஒரே எடை தந்திருக்கிறார்கள். பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவருக்கு 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. ஆணுக்கு ஆணாக இறங்கும் ஒய் குரோமோசோம் அவற்றுள் ஒருவரைப் பற்றியும், தாய்வழி இறங்கும் மைட்டோகாண்டிரிய டிஎன்ஏ இன்னொருவரைப் பற்றியும் மட்டுமே பேசும். மற்றவர்களைப் பற்றி அறிய முழு மரபணுத்தொகுதியைப் பார்க்க வேண்டும். இது தெரியாத வாசகர், யூதரின் தந்தைவழி மேற்காசியாவைச் சுட்டுகிறது என்ற 2000-ஆம் ஆண்டு ஆய்வையும், நடு, கிழக்கு ஐரோப்பாவில் வேரூன்றிய அஷ்கெனாசி யூதரின் தாய்வழி பெரும்பாலும் ஐரோப்பியது என்ற 2013-ஆம் ஆண்டு ஆய்வையும் ஒன்றையொன்று மறுப்பவையாகவே எடுத்துக்கொள்வார். ஆனால் மேற்காசியாவிலிருந்து வந்த ஆண்கள் ஐரோப்பியப் பெண்களை மணந்திருந்தால் இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம். மெய்யான முரண் வேறிடத்தில் இருக்கிறது: அஷ்கெனாசிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினரின் தாய்வழி நான்கு மூதன்னையரிடம் போய்ச் சேர்கிறது என்று கண்ட 2006-ஆம் ஆண்டு ஆய்வு, அவர்கள் மேற்காசியராக இருக்கக்கூடும் என்றது, 2013-ஆம் ஆண்டு ஆய்வோ அதே நால்வரையும் ஐரோப்பியர் என்றது. இதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்து போவது எனக்கு வருத்தமளித்தது.

கஸார் கோட்பாட்டுக்கோ முழுப் பத்தி ஒன்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. கஸார் என்போர் இடைக்காலத்தில் காக்கேசியப் பகுதிக்கு வடக்கே ஆண்ட துருக்கிய இனத்தவர்; அவர்களின் ஆளும் வகுப்பினர் யூத மதத்தைத் தழுவியதாகச் சொல்லப்படுகிறது. அஷ்கெனாசிகள் கஸார் வழிவந்தவர்கள் என்று 2013-இல் வாதிட்ட மரபியலாளர் எரான் எல்ஹாயிக், இன்று கஸார் இனத்தவர் என்று எவரும் எஞ்சாததால் ஆர்மீனியரையும் ஜார்ஜியரையும் அவர்களுக்குப் பதிலாகக் கொண்டார். அந்த மாற்றீடே ஐயத்துக்குரியது. காக்கேசியப் பகுதியின் பல மக்களையும் சேர்த்து ஒப்பிட்ட டோரோன் பெஹாரும் அவருடைய கூட்டாளிகளும் கஸார் மூலத்துக்குச் சான்று இல்லை என்றே முடித்தார்கள். ஒருவர் கூற்றையும் பலர் மறுப்பையும் சரிபாதியாக வைப்பது நடுநிலை ஆகாது. இக்கோட்பாட்டை வெறுப்புப் பரப்புரைக்குப் பயன்படுத்துவோர் இருப்பதால், இங்கே கவனக்குறைவு சிறு பிழையன்று.

நான் மிகவும் மதிக்கும் ஆய்வு எர்ஃபர்ட் பற்றியது. அந்த ஜெர்மானிய நகரின் பழைய யூத இடுகாட்டில் 14-ஆம் நூற்றாண்டில் அடக்கம் செய்யப்பட்ட 33 பேரின் டிஎன்ஏவைப் படித்து, 2022-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். இன்றைய அஷ்கெனாசிகளுடைய மூதாதையரின் எண்ணிக்கை ஒரு காலத்தில் மிகவும் சுருங்கியிருந்தது என்பதற்கான தடம் அந்த எலும்புகளிலேயே இருந்தது. அச்சமூகம் அன்று இன்றைக்கு இருப்பதைவிட வேறுபாடு மிக்க இரு பிரிவுகளாக இருந்ததும் தெரிந்தது. உயிரோடிருப்பவர்களைக் கொண்டு பழையதை ஊகிப்பதைவிட இது எத்தனை உறுதியான சான்று! கட்டுரையில் இது கடைசியில் ஒட்டுப்போட்டதுபோல நிற்கிறது.

மரபணு எதுவும் ஒருவர் யூதரா என்பதைத் தீர்மானிப்பதில்லை என்பதையும் கட்டுரை தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். யூதச் சமயச் சட்டம் தாய்வழிப் பிறப்பையோ முறைப்படியான மதமாற்றத்தையோதான் கேட்கிறது.

கொச்சி யூதர் பகுதியில் உங்கள் உதவி தேவை. இந்திய மூலமே மிகுதி, மேற்காசியக் கலப்பு சிறிதளவு உண்டு என்ற மரபணு முடிவை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூத வணிகத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு அளித்த வட்டெழுத்துச் செப்பேடு அங்கே பேசப்படவேயில்லை. அதன் வாசகத்தைப் பல ஆண்டுகள் மாணவர்களுக்கு நடத்திய நீங்கள், அதிலுள்ள உரிமைகளை உங்கள் கையால் எழுதி மறுமடலில் அனுப்பினால், இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க விரும்புகிறேன்.

தங்கள் அன்புள்ள,
இராமநாதன்