டவருக்குச் சம்மதம் தருமுன் பேட்டரியைப் பற்றிக் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

எங்கள் தெருவில் நான்கு மாடி அடுக்ககம் ஒன்றின் மொட்டை மாடியில் செல்போன் டவர் வைக்கப் பேச்சு நடக்கிறது. கூட்டத்தில் வாடகையும் கதிர்வீச்சும்தான் அலசப்படுகின்றன. தீ பற்றினால் என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. மின்வேலை தெரிந்த குடியிருப்போர் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

மாடிக்கு ஏறுவது ஆன்டெனா மட்டுமல்ல. ஏசியை டிசியாக மாற்றும் ரெக்டிஃபையர் பெட்டியும் பேட்டரி வரிசையும் கூடவே ஏறும். ஜெனரேட்டர் பெரும்பாலும் தரைத்தளத்தில் நிற்கும். 600 ஆம்பியர்-மணி கொண்ட 2 வோல்ட் செல்கள் 24 வைத்தால், முழு சார்ஜில் சுமார் 29 யூனிட் மின்சாரம் தலைக்கு மேல் இருக்கிறது. '48 வோல்ட்தானே' என்று அலட்சியமாகச் சொல்வார்கள். ஆனால் டிசி மின்சாரத்தில் பொறி கிளம்பினால் ஏசியில் போல எளிதில் அணையாது. கேபிள் நுனியில் உள்ள உலோக இணைப்பான லக்கின் போல்ட் சற்றுத் தளர்ந்தாலே அந்த இடம் சூடேறும். பக்கத்து இன்சுலேஷன் பளபளப்பு இழந்து, பழுப்பாகி, வெடிப்பு விடும். மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பவர் கண்ணில் இது நிச்சயம் படும்.

ஈய-அமில பேட்டரி மே மாத வெயிலில் அளவுக்கு மீறி சார்ஜ் ஆனால் உப்பி, ஹைட்ரஜனைக் கக்கும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் தீப்பிடிக்கும். காற்றோட்டமில்லாத பெட்டி ஆபத்து. டவர்களில் இப்போது வரும் லித்தியம் வகை பெரும்பாலும் இரும்பு பாஸ்பேட். மற்ற லித்தியத்தைவிட நிதானமானதுதான். ஆனாலும் ஒரு செல் கட்டுமீறிச் சூடானால், தீயணைக்கும் பவுடர் சிலிண்டர் சுவாலையை மட்டுமே அடக்கும். உள்ளே சூடு தணியாததால் மறுபடி பற்றும். தணிக்க நிறையத் தண்ணீர் வேண்டும். நம் மாடித் தொட்டியிலிருந்து ஹோஸ் மாட்ட வழி இருக்கிறதா?

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. தீயணைப்பு வீரர்கள் வந்ததும் முதலில் ஈபி சப்ளையைத் துண்டிப்பார்கள். கரண்ட் போனதாக நினைத்து ஜெனரேட்டர் தானாகவே ஸ்டார்ட் ஆகிவிடும். பேட்டரியிலும் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். எனவே ஜெனரேட்டரை நிறுத்தவும் பேட்டரியைத் துண்டிக்கவும் சிவப்பு அவசர பட்டன் தரைத்தளத்தில், தெருவிலிருந்து கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

விதிகளை நம்பிச் சும்மா இருக்க முடியாது. தொலைத்தொடர்புத் துறையின் 2013 வழிகாட்டுதல், தீயணைப்புத் துறை அனுமதியை, அந்த அனுமதி கட்டாயமான உயர்மாடிக் கட்டடங்களுக்கு மட்டுமே கேட்டது. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடிக் கட்டடம். நான்கு மாடி அதில் வராது. ஜெனரேட்டருக்கான டீசலும் அப்படியே: ஒவ்வொரு கலனும் 1,000 லிட்டருக்கு மிகாமல், மொத்தம் 2,500 லிட்டர் வரை வைக்க 1934 பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் வேண்டாம். மீட்டர் பெட்டிக்கும் டூவீலர் நிறுத்தத்துக்கும் நடுவே பேரல் நின்றாலும் கேட்பாரில்லை.

ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். கேபிள் படிக்கட்டு வழியாக இறங்கக் கூடாது. வெளிச்சுவரில் தனிக் குழாயில் வரட்டும். தளத்தைத் துளைக்கும் இடங்களைத் தீத்தடுப்புப் பூச்சால் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஓட்டையே புகைபோக்கியாகிவிடும். போல்ட் முறுக்கு, எர்த் அளவு, லோடு உள்ள நேரத்தில் சூடான இடங்களைக் காட்டும் கேமராவால் எடுத்த வெப்பப் படம் ஆகியவற்றின் பதிவேடு சங்கத்திடம் இருக்கட்டும். மொட்டை மாடிக் கதவுக்கு டவர்காரர் பூட்டுப் போடவே கூடாது. ஒரே படிக்கட்டுள்ள கட்டடத்தில் கீழே தீ என்றால், மேல்மாடியில் இருப்பவர்களுக்கு அந்தக் கதவுதான் வழி.

– குடியிருப்போர் சிலர், சென்னை