அரிசிப் பானைக்குள் கிளினிக் கொப்பி

ஆசிரியர் அவர்களுக்கு,

என் அம்மாவுக்கு 79 வயது. மறதி நோய். ஊரில் இதை ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்பார்கள். இரண்டு வருடமாக நாங்களும் அது வெறும் வயதுக் கோளாறு என்றுதான் நினைத்திருந்தோம். மாதம் ஒருமுறை மண்டூரில் பாதையேறி (ஆட்களை ஏற்றும் மிதவைப் படகை இங்கே பாதை என்போம்), வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். நடு வாவியில் “என்னை எங்க கா கொண்டு போறாய்?” என்று இறங்கப் பார்ப்பார். அவருடைய சேலைத் தலைப்பை என் கையில் சுற்றிக்கொண்டுதான் நிற்பேன்.

போன மாதம் கிளினிக் கொப்பியைக் காணவில்லை. கொப்பி இல்லாமல் மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலு நாள் கழித்து அது அரிசிப் பானைக்குள் கிடந்தது. கள்ளன் எடுத்துவிடுவானென்று அம்மாதான் ஒளித்துவைத்திருக்கிறார். மறதிக்காரருக்கான மருந்து, அவர் மறக்காமல் கொண்டுவரும் கொப்பியில் தங்கியிருக்கிறது! தாதியைக் குறை சொல்லமாட்டேன். அவருக்குக் கொடுத்திருக்கும் ஒழுங்கு அப்படி.

2025க்குள் 75 வீதமான நாடுகளாவது மறதி நோய்க்கென்று கொள்கை வகுக்கவேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2017இல் இலக்கு வைத்தது. அது எட்டப்படாமல் 2031 வரை நீட்டியிருக்கிறார்கள். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் முதியோர் உரிமைச் சட்டம், பிள்ளைகள் பெற்றோரைக் கைவிடக்கூடாது என்கிறது. பராமரிப்புச் செலவு கேட்டு முறையிட ஒரு சபையும் உண்டு. சரி, கைவிடாத பிள்ளைக்கு என்ன இருக்கிறது? எங்கள் பக்கம் வீடு மகளுக்கு. வீட்டோடு தாயும் மகளுக்கு. அந்த மகள் குவைத்துக்குப் போனால், பேத்திதான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மம்மாவுக்குக் காவலிருக்கிறாள். எங்கள் ஒழுங்கையிலேயே அப்படி ஒரு வீடு இருக்கிறது.

பிள்ளை பிறந்தால் குடும்ப நல உத்தியோகத்தர் வீடு தேடி வருகிறார், நிறை பார்க்கிறார், தாயையும் விசாரிக்கிறார். அவரை வீட்டுக்கு அனுப்புகிற, 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, வாவியின் மேற்குக் கரையான இந்தப் படுவான்கரை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. வயதானவர்களுக்கும் அப்படி ஒருவர் வந்தால் என்ன? இருக்கிற உத்தியோகத்தரின் தலையில் இதையும் கட்டச் சொல்லவில்லை, அவருக்கு ஏற்கெனவே நடந்து கால் தேய்கிறது. படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் எங்கள் பிள்ளைகளைப் பயிற்றி, சம்பளத்தோடு நியமிக்கலாம். குளிக்க மறுப்பவரை எப்படிக் குளிப்பாட்டுவது, இரவில் கதவைத் திறந்து போகிறவரை எப்படிச் சமாளிப்பது என்று சொல்லித்தர ஒருவர் வந்தாலே எனக்குப் பாதிப் பாரம் குறையும். மருந்து கொடுத்து முற்றாக மாற்றக்கூடிய நோயா இது?

அதற்குக் காலமெடுக்கும் என்றால், கொப்பியின் ஒரு பிரதியையாவது ஆஸ்பத்திரியில் வைத்திருங்கள். உறவினர் தனியாகப் போனாலும் மருந்து கொடுங்கள். இப்போதைக்கு எங்கள் கொப்பி மச்சாள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது.

ஒரு மகள்,
மண்டூர், மட்டக்களப்பு.