பட்டா கைக்கு வர உடன் நின்றவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

எர்ணாவூரில் எங்கள் தெருவின் 38 வீடுகளுக்கும் பட்டா கைக்கு வந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. எழுத உட்காரும்போதெல்லாம் யாரிடமிருந்து தொடங்குவது என்று தெரியாமல் எழுந்துவிடுவேன். போன வாரம் தபால்காரர் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, இலங்கையிலிருந்து வந்த சித்தியின் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். உறையில் என் பெயர், கதவு எண், தெரு, அஞ்சல் குறியீடு என்று எல்லாம் இருந்தன. மறுபக்கத்தில் சித்தியின் பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் ஹட்டன் என்ற ஊர்ப்பெயரும் மட்டும் இருந்தன. இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று அப்போதே பேனாவை எடுத்துவிட்டேன்.

எங்களைத் தெரியாதவர்களுக்காகச் சில வரிகள். நாங்கள் அரசுக் காகிதங்களின்படி ‘தாயகம் திரும்பியோர்’. தெருவில் பாதிப் பேர் பர்மாவிலிருந்து வந்தவர்கள். மீதிப் பேர் இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒப்பந்தம் செய்து, அங்கே நாடற்று நின்ற இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தார்கள். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். தேயிலைச் செடியை நட்டவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்பா, அம்மா, நான், தம்பி நால்வரும் இந்தியக் கணக்கில் வந்தோம். அம்மாவின் ஒரே தங்கை இலங்கைக் கணக்கில் நின்றுவிட்டார்.

1976இல் ஹட்டனில் ரயில் ஏறியபோது எனக்கு ஒன்பது வயது. அந்த ரயிலை எங்கள் ஆட்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றே சொல்வார்கள். சித்தி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடைமேடை முடியும்வரை ஓடி வந்தார். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், கூடலூர்ப் பக்கம் ஒரு தோட்டம் என்று அலைந்து 1979இல் சென்னைக்கு வந்தோம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். பர்மாக்காரர்கள் குடிசை போட்டிருந்த இடத்தை ஒட்டி நாங்களும் ஒன்று போட்டுக்கொண்டோம். அப்பா போய்ச் சேர்ந்தபோதும் அந்த மண்ணுக்குப் பெயர் புறம்போக்குதான்.

முதல் நன்றி பக்கத்து வீட்டுப் பர்மா அக்காவுக்கு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்ததை ஊரே அறியும். எங்கள் வீட்டில் முழங்காலுக்கு மேல் கறுப்புத் தண்ணீர். நான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவதிலேயே குறியாக இருந்தேன். அக்கா தன் வீட்டு மிக்சியையும் டிவியையும் விட்டுவிட்டு, எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்த டிரங்குப் பெட்டியை இழுத்துத் தலையில் வைத்துக்கொண்டு மாடி வீட்டுக்கு ஏறினார். “உங்கள் அம்மா அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு ராத்திரியும் படுத்ததில்லை, அதனால் எடுத்தேன்” என்று பிறகு சொன்னார்.

தண்ணீர் வடிந்ததும் பெட்டியைத் திறந்தோம். இந்தியத் தூதரகம் கொடுத்த பாஸ்போர்ட், மண்டபத்தில் கொடுத்த குடும்ப அட்டை, அப்பாவின் துறைமுக அடையாள அட்டை, என் பிறப்புப் பதிவின் நகல். பாஸ்போர்ட்டின் ஓரம் முழுக்க எண்ணெய் ஊறியிருந்தது. அக்கா ஒவ்வொரு தாளாகப் பிரித்து, கோல மாவைத் தூவி எண்ணெயை ஒற்றி எடுத்து, கயிற்றுக் கட்டிலில் செய்தித்தாள் விரித்துக் காயவைத்தார். புகைப்படத்தில் அப்பாவின் முகம் பாதி அழிந்துவிட்டது. எண்ணும் தேதியும் தப்பித்தன. பின்னால் எங்கள் மனுவோடு போன முதல் சான்று அந்தப் பாஸ்போர்ட்டின் நகல்தான். அக்கா, உங்கள் வீட்டு டிவி அதற்குப் பிறகு ஓடவில்லை என்பதை நீங்கள் ஒரு நாளும் எங்களிடம் சொன்னதில்லை. உங்கள் பேத்தி சொல்லித்தான் தெரியும்.

அடுத்து நில அளவையர் ஐயா. ஓய்வு பெற்றுத் திருவொற்றியூரில் இருக்கும் அவரிடம் எங்களை அழைத்துப் போனவர் ஜெராக்ஸ் கடைத் தம்பி. பல ஆண்டுகளாக ஓர் அலுவலகத்தில் எங்களுக்குக் கிடைத்த பதில் ஒன்றே ஒன்று: “இது நீர்நிலை, பட்டாவுக்கு வழியே இல்லை.” எழுத்தில் கேட்டால் தர மாட்டார்கள். ஐயா கேரம் பலகையின் மேல் எங்கள் நிலத்தின் அளவை வரைபடமான புலப்படத்தை விரித்துவைத்து, எங்கள் தெருப் பெண்கள் பதினோரு பேருக்கு அதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். எல்லைக்கல் எப்படிக் குறிக்கப்படும், உட்பிரிவு எண் எங்கே இருக்கும், பதிவேட்டில் எந்தக் கட்டத்தில் நிலத்தின் வகைப்பாடு எழுதியிருக்கும் என்று ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் பாடம் நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத இருவருக்கு எண்களை மட்டும் தனியாகச் சொல்லிக்கொடுத்தார். ஒரு டீயைத் தவிர எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

பிறகு சட்டக் கல்லூரி மாணவர்கள் மூவர். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டிக் கேட்டால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். அத்தனை ஆண்டுகளாக அதை எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. அவர்கள் கேள்வியை எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொடுத்தார்கள். ‘ஏன் பட்டா தரவில்லை’ என்று கேட்காதீர்கள், ‘இந்தப் புல எண்ணின் வகைப்பாடு என்ன, பதிவேட்டுப் பக்கத்தின் சான்றிட்ட நகல் தருக’ என்று கேளுங்கள் என்றார்கள். முதல் மனுவுக்குப் பதிலே வரவில்லை. மேல்முறையீட்டில் வந்த நகலில் ‘தோப்புப் புறம்போக்கு’ என்று தெளிவாக இருந்தது. நீர்நிலை என்ற சொல்லே அதில் கிடையாது. அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியை விடக் கோபமே முந்திக்கொண்டு வந்தது. அப்பா இருந்தபோதே ஒருவர் இதை எடுத்துக் காட்டியிருக்கலாம்.

அந்த மூவரில் ஒரு பெண்ணின் குடும்பம் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கியது. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்குப் போன மலை அது. குத்தகை 2028இல் முடிவதற்கு முன்பாகவே, 2024இல் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் வெளியேற வேண்டி வந்தது. நான்கு தலைமுறை கொழுந்து பறித்தும் மலையில் நிற்க ஓர் அடி மண் இல்லை என்று அந்தப் பெண் சொன்னபோது அம்மா எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மகளே, உன் தேர்வு நாளுக்கு முந்தைய இரவிலும் எங்கள் மனுவைத் தட்டச்சு செய்தாய். அதை நாங்கள் மறக்க மாட்டோம்.

தாள் கையில் இருந்தும் ஒரு தடை மிச்சமிருந்தது. சென்னையைச் சுற்றி ‘பெல்ட் ஏரியா’ என்று சொல்லப்படும் பகுதியில் புறம்போக்கு வீடுகளுக்குப் பட்டா தர 1962 முதல் தடை இருந்துவந்தது. 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அமைச்சரவை, நீர்நிலை போன்றவை அல்லாத ‘ஆட்சேபணையற்ற’ புறம்போக்கில் குடியிருக்கும் 86 ஆயிரம் பேருக்குப் பட்டா தர முடிவெடுத்தபோது பெல்ட் ஏரியாவும் அதில் சேர்ந்தது. அந்த முடிவை எடுத்தவர்களுக்கும், அதற்காகப் பல்லாண்டு குரல் கொடுத்த அத்தனை குடியிருப்பு மக்களுக்கும் நன்றி. எங்கள் கோப்பு அதற்குள் தயாராக இருந்ததால்தான் ஆறு மாதத்தில் வேலை முடிந்தது. கோப்பின் நகல்களை எல்லாம் கடனுக்கு எடுத்துக்கொடுத்த ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும், எந்தத் தாள் குறைகிறது என்று ஒளிக்காமல் சொன்ன கிராம உதவியாளருக்கும் எங்கள் வணக்கம்.

அம்மாவுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். எங்கள் வட்டத்தின் பகுதி சபைக் கூட்டத்துக்கு அம்மாவைச் சும்மா துணைக்குத்தான் அழைத்துப் போனேன். ஒலிபெருக்கி கைக்கு வந்ததும் எண்பது வயதுக்காரி எழுந்து நின்றார். “என் அப்பா 1947இல் சிலோனில் ஓட்டுப் போட்டார். மறு வருடம் சட்டம் போட்டுப் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள், பின்னால் ஓட்டும் போனது. நான் பிறந்த லயத்துக் காம்பரா, அந்த வரிசை வீட்டு ஒற்றை அறை, தோட்டத்துத் துரையுடையது. இப்போது இருக்கிற வீடு புறம்போக்கு. என்னுடையது என்று எதைக் காட்டிவிட்டு நான் சாவது?” என்று கேட்டார். கூட்டத்தில் வேறு பேச்சு எழச் சற்று நேரமானது. தீர்மானத்தில் எங்கள் தெருவின் பெயர் முதன்முதலாக ஏறியது அன்றைக்குத்தான்.

அளவை நடந்த நாளையும் சொல்லிவிடுகிறேன். சங்கிலி பிடித்தவர்கள் எங்கள் மனையை ஒன்றேகால் சென்ட் என்று எழுதிக்கொண்டு போனார்கள். அவர்கள் தலை மறைந்ததும் அம்மா சுவரோரமாக அடிமேல் அடி வைத்து நடந்தார். பத்தடிக்குப் பன்னிரண்டு அடி என்பது லயத்துக் காம்பராவின் அளவு; அதில்தான் எட்டுப் பேர் படுத்தெழுந்தோம். அம்மா எண்ணி முடித்துவிட்டு, “நான்கு காம்பரா போக இஸ்தோப்புக்கும் இடம் இருக்கிறது” என்றார். இஸ்தோப்பு என்றால் முன் திண்ணை. பிறகு வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் மண்ணைத் தடவிக்கொண்டிருந்தார்.

கடைசியாக, இந்த மடலை எழுதவைத்த சித்திக்கு. என் பிறப்புப் பதிவின் பழைய நகல் செல்லாது என்றானபோது, எழுபது வயதில் மூன்று பஸ் மாறிப் போய் அலுவலகத்தில் நின்று புதிய நகல் வாங்கி அனுப்பினார். எனக்கு வீட்டுமனை கிடைக்க உதவிய அவர் இன்றும் லயத்தில்தான் இருக்கிறார். நாடற்றவர் என்ற பெயர் 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பிறகுதான் அங்கே முழுதாகத் தீர்ந்தது. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசிடம் போயின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குப் போனது. அத்தனை முறை கைமாறியும் அதில் ஒரு பாத்தி கூட உழைத்தவர் பெயருக்கு வரவில்லை. தோட்டக் குடியிருப்புக்குப் பிரதேச சபை என்ற அங்கத்து உள்ளாட்சி மன்றம் ஒரு பாதையோ கான் கட்டோ (வடிகாலோ) போட்டுக் கொடுக்க 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக இருந்தது. 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். சித்தி தேர்தல்தோறும் ஓட்டுப் போட்டார், ஆனால் அந்த ஓட்டால் வந்த சபை அவர் வாசலுக்கு வர முடியவில்லை.

குடும்பத்துக்கு 7 பேர்ச் நிலமும் தனி வீடும் என்பது அங்கே பத்தாண்டுகளாகப் பேசப்படும் திட்டம். நம் கணக்கில் அது நான்கு சென்டுக்குச் சற்று அதிகம். 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தபோது சித்தி அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தார். சிலருக்கு வீடு கிடைத்தது. சித்திக்கு இன்னும் இல்லை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்கள் புதைந்த நாளிலிருந்து, மழை பிடித்தால் அவர் உட்கார்ந்தபடியே விடியவைக்கிறார். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மழையில் மலையகமெங்கும் மண் சரிந்தபோது, அவர் குரலைக் கேட்கும்வரை எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.

சித்தியின் பேரனுக்கு ஒரு வேலைக்கான கடிதம் தோட்டத்து ஆபீசில் கிடந்து, நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு கைக்கு வந்தது. கதவு எண் இல்லாத வாழ்க்கை எப்படியிருக்கும் என்பதற்கு இதைவிட நான் என்ன சொல்ல? 2023இல், முன்னோர் மலையகத்துக்கு வந்த 200 ஆண்டுகளை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தார்களே, அந்த நடையில் அந்தப் பையனும் போனான். முன்னோர் நடந்துபோன அதே வழியில், காணி உரிமை கேட்டுக்கொண்டு நடந்தார்கள். வழியில் சோறும் தண்ணீரும் கொடுத்த தமிழ், முஸ்லிம், சிங்கள வீடுகளைப் பற்றி அவன் எனக்கு எழுதியிருந்தான். அவர்களுக்கும் இந்த மடலில் என் நன்றி சேரட்டும்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் கால்வாயை ஒட்டி இன்னும் 22 வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்குப் பட்டா வரவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பர்மா அக்கா வீட்டுத் திண்ணையில் அவர்களுடைய தாள்களைப் பார்க்க உட்காருகிறோம். நில அளவையர் ஐயா வருகிறார். புலப்படம் படிக்கத் தெரிந்த பெண்கள் பதினோரு பேரும் இருப்போம். உங்களில் வர முடிந்தவர்கள் வாருங்கள். கேரம் பலகையை மறக்காமல் கொண்டுவரும்படி ஜெராக்ஸ் கடைத் தம்பியைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எர்ணாவூரில் எங்கள் தெருவின் 38 குடும்பங்கள் சார்பில்,
தெருக் குழுவின் செயலாளர்