அங்கோர்வாட்டைக் கட்டியவர்கள் கெமர் மக்கள்தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் கம்போடியா பற்றி வந்த பயணக் கட்டுரைக்கு ‘தமிழ் மன்னன் கட்டிய உலகின் மிகப்பெரிய கோயில்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டிருந்தீர்கள். அதே பக்கத்தில் கீழே ஒரு சுற்றுலா நிறுவனத்தின் விளம்பரம், அதிலும் அதே வரி. வாட்ஸ்அப்பில் இது பல வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதை அனுப்புகிறவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. ஆனால் நாளிதழில் அச்சாகி வருவது வேறு. என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அந்தப் பக்கத்தை வெட்டிக்கொண்டு வந்து, “டீச்சர், பேப்பர்லயே போட்டிருக்கு” என்று நீட்டினாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் காரைக்குடி பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். கோடை விடுமுறையில் கூட வேலை பார்க்கும் தோழிகள் சிலரோடு கம்போடியா போய்வந்தேன். தடையின்மைச் சான்று வாங்க அலைந்தது, அங்கே அடித்த வெயில், கணக்கு டீச்சர் கட்டிக்கொண்டு வந்த இட்லிப்பொடி எங்களைக் காப்பாற்றியது, இதெல்லாம் இருக்கட்டும். சியம் ரீப்பில் இறங்கிய மறுநாள் விடியற்காலையில் அங்கோர்வாட்டின் அகழிக்கு முன்னால் போய் நின்றோம். அகழியின் அகலமே 190 மீட்டர். அதைத் தாண்டி, மேற்கு வாசல் வழியாக உள்ளே போய், நடந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, கோபுரம் கிட்டே வருவதாகவே தெரியவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்துப் பழகிய கண்தான் எங்களுக்கு, ஆனாலும் யாருக்கும் பேச்சு வரவில்லை.

எங்களுக்கு வாய்த்த வழிகாட்டி அருமையான பையன், அந்த ஊர்க்காரர். சுவரில் நீள நெடுகச் செதுக்கியிருக்கும் குருக்ஷேத்திரப் போரையும் இலங்கைப் போரையும் பாற்கடல் கடைவதையும் அவர் சொல்லச் சொல்ல, எங்கள் தமிழ் டீச்சர் அடுத்து என்ன வரும் என்று முந்திக்கொண்டு சொன்னார். அந்தப் பையனுக்கு ஒரே சந்தோஷம். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எங்களோடு ஒரே வேனில் வந்த இன்னொரு குடும்பத்துப் பெரியவர் திடீரென்று, “தம்பி, இதெல்லாம் கட்டினது எங்க தமிழ் ராஜா, தெரியுமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். பையன் மறுத்துப் பேசவில்லை. தெற்குப் பக்கத்துத் தாழ்வாரத்துக்கு எங்களைக் கூட்டிப்போனார். அங்கே வரிசையாகப் பிடித்த குடைகளுக்குக் கீழே ஒரு ராஜா உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் மந்திரிகள், அப்புறம் யானைமேல் தளபதிகள், நடந்துபோகும் படை. உருவங்களுக்குப் பக்கத்தில் கல்லில் சின்னச் சின்னதாக எழுத்து. கையால் தொடாமல் டார்ச் வெளிச்சத்தை மட்டும் அதன்மேல் காட்டி, “இது எங்கள் மொழி, இது எங்கள் ராஜா” என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, “நீங்கள் டீச்சர்தானே, உங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறீர்களா?” என்று கேட்டார்.

அந்த ராஜா இரண்டாம் சூரியவர்மன். கம்போடியாவின் சொந்த மக்களான கெமர் இனத்து மன்னன். 1113இல் பட்டத்துக்கு வந்து விஷ்ணுவுக்காக அந்தக் கோயிலைக் கட்டியவன். கல், ஐம்பது கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் இருக்கும் குலேன் மலைப் பக்கத்து மணற்கல், வாய்க்கால் வெட்டி அதன்வழி கொண்டுவந்தார்கள். கட்டியது அந்த மண்ணின் சனங்கள். அங்கோரில் இருக்கும் கல்வெட்டுகள் சமஸ்கிருதத்திலும் பழைய கெமர் மொழியிலும் இருக்கின்றன. தாமரை மொட்டு மாதிரி எழும் ஐந்து கோபுரங்கள், மேருமலையைப் போல அடுக்கடுக்காக ஏறும் அமைப்பு, சுற்றிலும் கடல்போல ஓர் அகழி. இப்படி ஒரு கோயில் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்.

‘வர்மன்’ என்று முடிவதால் பல்லவன்தான் என்று ஒரு வாதம். போர்னியோவில் மூலவர்மன், ஜாவாவில் பூர்ணவர்மன், சம்பா நாட்டில் பத்ரவர்மன், நம் பக்கத்திலேயே கதம்பரில் காகுஸ்தவர்மன். அத்தனை பேரும் தமிழரா? அந்தக் காலத்தில் ராஜாவாக முடிசூடியவர்கள் விரும்பி வைத்துக்கொண்ட பட்டம் அது, அவ்வளவுதான். கெமர் எழுத்துக்குப் பல்லவ எழுத்து மூலம் என்பது உண்மை, அதை நானும் வகுப்பில் பெருமையாகவே சொல்கிறேன். ஆனால் எழுத்தைக் கொடுத்தவர் வேறு, அதை வைத்து எழுதியவர் வேறு.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்ப தூரம் போகவே வேண்டாம். நம் வீடுகளில் தூண் பர்மாத் தேக்கு, தரையில் இத்தாலி மார்பிள், சுவரில் பெல்ஜியம் கண்ணாடி. ஆனால் முகப்பும் பட்டாலையும் வளவும் இரண்டாம் கட்டுமாக அந்த வீட்டை நினைத்தவர்கள் நாம், முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசியவர்கள் நம் ஊர்க் கொத்தனார்கள். நாளைக்கு ரங்கூனில் ஒரு பத்திரிகை, தேக்கைக் காரணம் காட்டி, கானாடுகாத்தான் வீடுகளைக் கட்டியது பர்மா ராஜா என்று எழுதினால் சும்மா இருப்போமா? கெமர் மக்களும் இங்கிருந்து ராமாயணத்தையும் விஷ்ணுவையும் சிவனையும் எழுத்தையும் வாங்கிக்கொண்டார்கள். வீடு அவர்களுடையது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். 1975 முதல் 1979 வரை அந்த நாட்டில் கெமர் ரூஜ் ஆட்சியில் நடந்த கொடுமையில் 15 முதல் 20 லட்சம் பேர் செத்தார்கள். படித்தவர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள், அதில் எங்களைப் போன்ற வாத்தியார்கள் எத்தனையோ பேர். இதைக் கேட்டு எங்கள் வேனில் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அவ்வளவையும் பறிகொடுத்த சனங்கள் தங்கள் தேசியக்கொடியில் வைத்திருப்பது இந்தக் கோயிலைத்தான். 2003இல் ஒரு தாய்லாந்து நடிகை அங்கோர்வாட் தங்களுடையது என்று சொன்னதாக வெறும் வதந்தி பரவி, நோம்பென்னில் தாய்லாந்துத் தூதரகத்தையே எரித்துவிட்டார்கள். எரித்தது தப்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கோயில் அவர்களுக்கு எப்படிப்பட்டது என்பது அதிலிருந்து தெரிகிறதல்லவா? நம் இந்தியத் தொல்லியல் துறை 1986 முதல் 1993 வரை அங்கோர்வாட்டில் வேலை செய்தது, மரவேர் சுற்றிய தா ப்ரோம் கோயிலிலும் பழுது பார்த்திருக்கிறது. அந்த நல்ல பெயரை நாமே ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

உண்மையான தொடர்பு இல்லையா என்றால், நிறைய இருக்கிறது. அதுதான் எனக்கு ஆற்றாமை. அங்கோரிலிருந்து தள்ளி வயல்களுக்கு நடுவே பந்தேய் ஸ்ரெய் என்று ஒரு சின்னச் சிவன் கோயில், 967இல் எழுந்தது, கட்டியவர் யக்ஞவராகர் என்ற அரச குரு. செம்மண் நிறக் கல்லில் நகை வேலை போலச் செதுக்கியிருக்கிறார்கள். கிழக்கு வாசலின் முகப்பில் சிவன் ஆடுகிறார். காலடியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், வற்றிய உடம்பு, தொங்கிய மார்பு, எலும்பெல்லாம் தெரிகிறது. காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். தன்னைப் பேய் என்றே பாடிக்கொண்ட நம் அம்மையார், கங்கைகொண்ட சோழபுரத்து நடராசர் காலடியில் வந்து உட்காருவதற்கு முன்பே, கடல் தாண்டி ஒரு கெமர் சிற்பியின் கையில் உருவாகியிருக்கிறார். எங்கள் தமிழ் டீச்சர் கண் கலங்கிக் கும்பிட்டார். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதே போல, ராஜேந்திர சோழனின் நட்பை நாடிக் காம்போஜ மன்னன், அதாவது கம்போடிய மன்னன், தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. காம்போஜ அரசன் கொடுத்த ஒரு கல்லைச் சிதம்பரம் கோயிலில் பதித்ததாகக் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. இரண்டு அரசுகள் சமமாக நின்று மரியாதை செய்துகொண்ட கதை இது. ஒருவர் நாட்டை இன்னொருவர் பேரில் எழுதிக்கொண்ட கதை இல்லை.

தமிழர் வெளிநாட்டில் செய்ததைத்தான் எழுத வேண்டும் என்றால் அதற்கும் பஞ்சமில்லை. தாய்லாந்தின் தக்குவாபாவில், குளம் வெட்டி மணிக்கிராமத்தாரின் காவலில் விட்டதாகத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. அந்த மணிக்கிராமத்து வணிகர்கள் இங்கே கொடும்பாளூரிலும் இருந்தவர்கள். சுமத்ராவின் பாருஸில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினுடையது. அந்த ஐந்நூற்றுவரின் கல்வெட்டு நம் பிரான்மலையிலும் இருக்கிறது, என்னென்ன சரக்குக்கு எவ்வளவு மகமை என்று பட்டியல் போட்டு. சிங்கம்புணரிக்குப் போகிற வழியில் பஸ்ஸிலிருந்தே தெரிகிற மலை! எத்தனை பேருக்குத் தெரியும்? பர்மாவில் பகான், சீனாவில் சுவான்சௌ, இலங்கையில் காலி என்று தமிழ் எழுத்து பொறித்த கற்கள் இன்னும் உண்டு. வியட்நாமின் சைகோனில் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இப்போதும் இருக்கிறது, எங்கள் சுற்றுலாவின் கடைசியில் சைகோனில் தங்கியிருந்தும் நிறுவனத்துக்காரர்கள் அதைப் பட்டியலில் சேர்க்கவே இல்லை, நாங்களாகக் கேட்டு ஆட்டோ மாதிரி ஒரு வண்டி பிடித்துப் போய்வந்தோம்.

நான் கேட்பது இரண்டே. அந்தத் தலைப்புக்கு வருகிற ஞாயிறு இணைப்பிலேயே, அதே பக்கத்தில், படிக்கிற அளவு எழுத்தில் ஒரு திருத்தம் போடுங்கள், கட்டிய மன்னன் பெயரோடு. விளம்பரம் கொடுத்த நிறுவனத்தையும் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் நிருபர் ஒருவரைப் பிரான்மலைக்கு அனுப்புங்கள், பள்ளி விடுமுறை நாளாக இருந்தால் நானும் என் பிள்ளைகளும் கூட வந்து கல்வெட்டு இருக்கும் இடத்தைக் காட்டுகிறோம். அந்தத் திருத்தம் வந்ததும் அதை வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதாகப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். கம்போடியப் பையனின் தொலைபேசி எண் என்னிடம் இருக்கிறது, அவருக்கும் படம் எடுத்து அனுப்புவேன்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியை,
காரைக்குடி.