கட்டிலுக்குச் செங்கல் வை, அம்மா

சுச்சியுரா, ஜப்பான்
11-2-2025

அன்புள்ள அம்மாவுக்கு,

செல்வி எழுதுவது. இங்கே நான் நலம். நீ, அப்பா, ஆயா, முரளி எல்லோரும் நலமா?

உன் கடிதமும் பார்சலும் வியாழக்கிழமை வந்தன. முதியோர் இல்லத்தில் நைட் டியூட்டி முடிந்து வந்தால் தபால் பெட்டியில் சீட்டு கிடந்தது. தூங்காமல் நேராகப் போஸ்ட் ஆபீஸ் போய் வாங்கி வந்துவிட்டேன். மோர்மிளகாய் டப்பாவைத் திறந்ததும் ரூமே நம் வீட்டு அடுப்படி ஆகிவிட்டது.

"பொங்கலுக்குக்கூட ரெண்டு வார்த்தை பேசலையே" என்று எழுதியிருக்கிறாய். தப்பு என்மேல்தான். ஆனால் போனில் என்ன பேசுகிறோம் சொல்லு. நீ "நல்லாயிருக்கோம்" என்பாய், நான் "நல்லாயிருக்கேன்" என்பேன், அதற்குள் ஆயா கூப்பிடும், நீ வைத்துவிடுவாய். இன்று தைப்பூசம். இங்கேயும் வேறு காரணத்துக்காக அரசு விடுமுறை, எனக்கும் லீவு. படுக்கையில் கிடக்கிற ஆயாவை யாரிடம் விட்டுவிட்டு ரத்தினகிரிக்குப் போயிருப்பாய், போகாமலே இருந்துவிட்டாயா என்று காலையிலிருந்து அதே நினைப்பு. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தாய். காலையில் சைக்கிள் சீட்டின் மேல் உப்புப் பூத்த மாதிரி பனி உறைந்திருக்கும். சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஏறுவேன். எதிரே சுகுபா மலை தெரியும். 877 மீட்டர்தான் உயரம், ஆனால் அங்கிருந்து இறங்குகிற காற்று காதுக்குள் ஊசியாகக் குத்துகிறது. வேலூர் வெயிலைத் திட்டியதற்கெல்லாம் இப்போது மன்னிப்புக் கேட்கலாம் போலிருக்கிறது. ரூமில் மண்ணெண்ணெய் ஹீட்டர் இருக்கிறது. படுக்கும்போது அணைத்துவிட்டு, நீ கொடுத்த ஜமக்காளத்தையும் மேலே போட்டுக்கொள்கிறேன். ஹீட்டர் வாசனையில் தலை வலிக்கிறது, அதனால்தான் அணைக்கிறேன். வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே.

ரென்கோன் தாத்தா சௌக்கியம். இந்த ஊர்தான் ஜப்பானிலேயே தாமரைக்கிழங்கு அதிகம் விளைகிற ஊர் என்று சொன்னேன் இல்லையா, அதற்குத்தான் ரென்கோன் என்று பேர். ஏரிக்கரை ஓரமெல்லாம் நம் நெல் வயல் மாதிரி தண்ணீர் கட்டி வைத்திருக்கிறார்கள். இந்தக் குளிரிலும் தாத்தா ரப்பர் உடுப்பு மாட்டிக்கொண்டு நெஞ்சு வரை சேற்றில் இறங்கி, குழாயில் தண்ணீர் பீய்ச்சி மண்ணைக் கரைத்துக் கிழங்கைத் தடவித் தடவி எடுக்கிறார். முதுகு கொக்கி மாதிரி வளைந்துவிட்டது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிற ஒரே கேள்வி "சாப்பிட்டியா?" என்பதுதான். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு "பே" சேர்த்துப் பேசுவார். இந்தப் பக்கத்துப் பேச்சு அப்படி. கிளாஸில் படித்த ஜப்பானிஸை வைத்துக்கொண்டு முதல் மூன்று மாதம் அவர் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை.

போன வாரம் என் சைக்கிள் கூடையில் இரண்டு கிழங்கை மண்ணோடு பேப்பரில் சுற்றி வைத்திருந்தார். உன் குழம்புப் பொடி வந்த அன்றே புளிக்குழம்பில் போட்டேன். வெந்தாலும் குழையாமல் நறுக்கென்று இருக்கிறது, சேனைக்கிழங்கை விட எனக்குப் பிடித்துவிட்டது. ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாத்தா குழம்பை அப்படியே கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. மறுநாள் கழுவின கிண்ணத்தில் ஆறு ஆரஞ்சு வந்தது.

சரி, நீ கேட்காததைச் சொல்கிறேன். உன் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், ரேஷன் கடை விஷயத்துக்கும் எருமை விற்ற விஷயத்துக்கும் நடுவில், "இடுப்பில் கொஞ்சம் பிடிப்பு, எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் அம்மா இந்தக் கடிதமே.

முரளி நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு "அக்கா இரும்புச் சட்டை போட்டிருக்கு" என்று ஊரெல்லாம் சொன்னானாமே. அது இரும்பு இல்லை. இடுப்பைச் சுற்றி ஒரு பெல்ட், தொடைக்கு இரண்டு பட்டை, மூன்று கிலோ சொச்சம் எடை, பேட்டரியில் ஓடும். ஹால் என்று பேர். பக்கத்து ஊரான சுகுபாவில், பல்கலைக்கழகப் பேராசிரியர் யோஷியுகி சங்காய் என்பவர் கண்டுபிடித்தது. 2004-ல் சைபர்டைன் என்ற கம்பெனி தொடங்கிச் செய்கிறார். கால் வராதவர்களுக்கு நடைப் பயிற்சி கொடுக்கிற ஹாலும் உண்டு, சில தசை நோய்களுக்கு 2016-லிருந்து இன்சூரன்ஸிலேயே கொடுக்கிறார்கள். எங்களுடையது தூக்குகிறவர்களின் இடுப்பைக் காப்பாற்றுவதற்கு.

காலையில் அதை மாட்டும் முன் முதுகின் அடிப்பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவோம். ஆயாவுக்கு இ.சி.ஜி. எடுத்தபோது ஒட்டினார்களே, அந்த மாதிரி, சில்லென்று இருக்கும். நாம் நிமிர நினைத்ததும் மூளை முதுகுச் சதைக்கு உத்தரவு போடுகிறது. அந்த உத்தரவு மின்சாரமாகப் போவதால் துளியளவு தோலிலும் தெரியுமாம். அதை ஸ்டிக்கர் பிடித்துச் சொல்ல, நான் எழும் அதே நேரத்தில் இடுப்பின் இரண்டு பக்கத்து மோட்டாரும் சேர்ந்து என்னை நிமிர்த்துகிறது. முதல் நாள் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கிணற்றடியில் நான் குடத்தைத் தூக்கும்போது நீ பின்னாலிருந்து ஒரு கை கொடுப்பாயே, அந்தக் கை மாதிரியே இருந்தது.

ரென்கோன் தாத்தாவிடம் போட்டோவைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, ஐம்பது வருஷம் முன்னால் வந்திருக்க வேண்டியது என்று தன் முதுகைத் தொட்டுக்கொண்டார். எனக்கு அப்பாவும் ரைஸ் மில்லும்தான் ஞாபகம் வந்தது. அப்பா எத்தனை வருஷம் 75 கிலோ மூட்டையை வெறும் முதுகில் ஏற்றினார். ஒரு பெல்ட் அவருக்கும் யாராவது கொடுத்திருக்கக் கூடாதா?

இதைப் போட்டால் எல்லாம் லேசாகிவிடும் என்று நினைக்காதே. காப்பது இடுப்பை மட்டும்தான், கையும் தோளும் பழையபடி வலிக்கும். எங்கள் மாடிக்கு இரண்டுதான் இருக்கிறது. ராத்திரி பெல் அடித்தால் மாட்டிக்கொண்டிருக்க நேரமில்லை, ஓட வேண்டியதுதான். இந்த வேலையில் நிறையப் பேருக்கு இடுப்பு போய்விடுகிறது. அதனால் 2013-லேயே அரசாங்கம் எழுதி வைத்திருக்கிறது: ஆளைக் கையால் தூக்குவதைக் கூடியவரை செய்யாதே, லிப்ட் மெஷினைப் பயன்படுத்து என்று. சாமான் தூக்குவதற்கும் கணக்கு உண்டு. ஆம்பளை தன் எடையில் 40 சதவீதம் வரை தூக்கலாம், பொம்பளை அதிலும் 60 சதவீதம்தான். நீ 50 கிலோ என்று வைத்துக்கொள். 12 கிலோதான் வருகிறது, அம்மா. ஆயா 45 கிலோ. நீ ஒருத்தியாக, ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்குகிறாய்?

முரளி கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், அவனிடம் படித்துக் காட்டு. மிலிட்டரியில் இதைப் போட்டால் களைப்பே இல்லாமல் ஓடலாமா என்று கேட்டான். அமெரிக்காக்காரர்கள் 1960-களிலேயே ஹார்டிமேன் என்று ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அதன் எடையே 680 கிலோ. முழுசாக ஓட்டினால் அது தறிகெட்டு ஆடியதால் ஒரு மனுஷனை உள்ளே வைத்து முழுசாக ஓட்டவே இல்லை. 2013-ல் அவர்களுடைய சிறப்புப் படை, குண்டு துளைக்காத கவசமும் மோட்டாரும் சேர்ந்த டாலோஸ் என்ற உடுப்பைத் தொடங்கி, 2019-ல் அதையும் முழு உடுப்பாக முடிக்காமல் நிறுத்திவிட்டது. மின்சாரம்தான் பெரிய தொல்லை. எனக்கு பேட்டரி தீர்ந்தால் அடுத்த அறையில் சார்ஜர் இருக்கிறது. மலை உச்சியில் நிற்கிற சிப்பாய் எங்கே போவான்?

இன்னொன்றும் அவனுக்குத் தெரிய வேண்டும். சங்காய் இதை ஆயுதத்துக்குத் தர மாட்டேன் என்று மறுத்தவர். 2014-ல் கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனபோது, யாரோ வாங்கிப் போர் வேலைக்குத் திருப்பிவிடக் கூடாது என்று ஓட்டு அதிகாரம் தன் பக்கம் நிற்கும்படி பங்கைப் பிரித்து வைத்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் பெல்ட்டை மாட்டும்போதே ஒரு மரியாதையோடு மாட்டுகிறேன். முரளி மிலிட்டரிக்குப் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நம் தெருவில் பாதி வீட்டில் மிலிட்டரிக்காரர்கள்தானே. ஆனால் அக்னிவீர் நாலு வருஷம்தான், அதற்குப் பிறகு என்ன என்று அவன் யோசித்திருக்கிறானா? சேர்க்கைத் தேர்வுக்கு 1.6 கிலோமீட்டர் ஓடிப் பழகட்டும், கூடவே ஐ.டி.ஐ. பரீட்சையையும் எழுதி முடிக்கட்டும்.

எங்கள் இல்லத்தில் 93 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். 41 கிலோ. தினமும் காலை ஆறரைக்கு அவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது என் வேலை. நான் குனிந்ததும் இரண்டு கையையும் என் கழுத்தில் போட்டுக்கொண்டு, காதுக்குள் "கோமென்னே, கோமென்னே" என்பார். மன்னித்துக்கொள் என்று அர்த்தம். நான் நிமிர்கிற வரைக்கும் என் முதுகைத் தட்டிக்கொண்டே இருப்பார். ஆயாவும் அப்படித்தானே உன்னிடம் சொல்லும், "உனக்குப் பாரமாப் பூட்டேண்டி" என்று. போன திங்கட்கிழமை பாட்டியின் தலைமுடியில் தேங்காய் எண்ணெய் வாசனை அடித்த மாதிரி இருந்தது. இங்கே ஏது தேங்காய் எண்ணெய்? அவரை நாற்காலியில் உட்காரவைத்த பிறகும் என்னால் கையை எடுக்க முடியவில்லை. ஒரு நிமிஷம் அப்படியே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். யார் வீட்டு ஆயாவையோ மோட்டார் போட்டுத் தூக்குகிறேன், என் ஆயாவை என் அம்மா வெறும் முதுகில் தூக்குகிறாள். அன்றைக்கு முழுக்க எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

பெல்ட்டை வாங்கி அனுப்ப எனக்கு வசதியில்லை. கற்றுக்கொண்டதைத் தான் அனுப்ப முடியும். நான் சொல்வதை அப்படியே செய்.

முதலில் ஆயாவின் கட்டிலை உயர்த்து. நீ பக்கத்தில் நின்றால் மெத்தை உன் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வர வேண்டும். நாலு காலுக்கும் செங்கல் வை. கால் நழுவாமல் மேஸ்திரி மாமாவைக் கூப்பிட்டுப் பூசச் சொல். கட்டிலின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டி இருக்கட்டும், நீ இல்லாத நேரத்தில் மறுபக்கம் பெஞ்சை அணைத்துப் போடு.

திருப்பும்போது கையைப் பிடித்து இழுக்காதே. ஆயாவின் கையிரண்டையும் மார்மேல் கட்டி, முழங்காலை மடக்கி, ஒரு கை தோளிலும் ஒரு கை இடுப்பிலும் வைத்து உன் பக்கமாக உருட்டு. தானாக வரும். மேலே நகர்த்த வேண்டுமானால் தூக்கவே தூக்காதே. பீரோ வந்தபோது சுற்றியிருந்த பெரிய பாலிதீன் கவர் பரண்மேல் கிடக்கும். அதை இரண்டாக மடித்து முதுகுக்கும் பிட்டத்துக்கும் அடியில் விட்டுத் தள்ளு, வழுக்கிக்கொண்டு போகும். முடிந்ததும் உருவி எடுத்துவிடு, இல்லாவிட்டால் ஆயாவே வழுக்கிவிடும். இங்கேயும் பல இடத்தில் குப்பை பையை வைத்து இப்படித்தான் செய்கிறோம்.

ஆரணி அத்தையிடம் நீ பேச மாட்டாய் என்று தெரியும், நான் பேசுகிறேன். ஆயா பெற்ற மகள் மாதத்துக்குப் பத்து நாளாவது வந்து இருக்கட்டும். இதில் அப்பா கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று நான் சொன்னதாகச் சொல்.

இந்த மாதம் பணம் குறைவாக வந்திருக்கும். ஏப்ரலில் சேர்த்து அனுப்பிவிடுகிறேன். பேங்கில் வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைத்துவிடு. உன் வளையலை முதலில் மீட்கலாம், என் செயின் கிடக்கட்டும். சோளிங்கர் மாமா சொன்ன வரனுக்கு இப்போது ஒன்றும் பதில் சொல்லாதே. இந்த விசா ஐந்து வருஷம், குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. கைகோ என்கிற பராமரிப்பாளர் பரீட்சை பாஸ் பண்ணினால்தான் அதற்கு வழி உண்டு. அதற்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

இடுப்புக்கு எண்ணெய் மட்டும் போதாது, அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் டாக்டரிடம் போய் வா. ஆயாவிடம் நான் கேட்டதாகச் சொல். கட்டிலுக்கு எத்தனை செங்கல் பிடித்தது என்று மறக்காமல் எழுது.

உன் மகள்,
செல்வி