மெம்பிரேனை மாற்றியும் நிற்காத கழிவு நீர்: பணத்தைத் திருப்பித் தரக் கோரிப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

ஐயா / அம்மையீர்,

மேடவாக்கத்தில் எங்கள் வீட்டில் இருப்பது உங்கள் ஆர்.ஓ. இயந்திரம். ஏ.எம்.சி.யும் (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும்) உங்களிடம்தான். டேங்க் நிறைந்து பம்ப் நின்ற பிறகும் கழிவு நீர் டியூபில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிளக்கைப் பிடுங்கினாலும் நிற்கவில்லை. நான் பதிவு செய்த புகார் இது மட்டும்தான். குடிக்கிற தண்ணீரைப் பற்றிக் குறையே சொல்லவில்லை.

உங்கள் டெக்னீஷியன் வந்தபோது வீட்டில் அம்மா மட்டும் இருந்தார். டெக்னீஷியன் டியூபைப் பார்க்காமல், டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) பார்க்கும் மீட்டரை எடுத்திருக்கிறார். போர் தண்ணீர் 1,350, வடிகட்டிய தண்ணீர் 95 என்று சர்வீஸ் சீட்டில் அவரே எழுதியிருக்கிறார். "95 ரொம்ப அதிகம்மா, 50-க்குள்ள இருக்கணும். மெம்பிரேன் போயிடுச்சு, அதான் தண்ணி வீணாப் போகுது" என்று சொல்லி, புது மெம்பிரேன் (உப்பை வடிகட்டும் சவ்வு) போட்டு ரூ.3,200 வாங்கிக்கொண்டு போய்விட்டார். பழையதையும் எடுத்துப் போய்விட்டார்.

1,350-ஐ 95 ஆக்குகிற மெம்பிரேன் எப்படிக் கெட்டுப்போனதாகும்? குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கிறது. டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி தேசிய பசுமைத் தீர்ப்பாயமே 2019-ல் உத்தரவிட்டது. 50-க்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

பம்ப் நின்ற பிறகும் கழிவு நீர் ஓடினால், உள்ளே வரும் தண்ணீரை நிறுத்த வேண்டிய சொலினாய்டு வால்வு சரியாக மூடவில்லை என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். மெம்பிரேனை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது. மாற்றிய அன்று இரவும் தண்ணீர் ஓடியது, இப்போதும் ஓடுகிறது. சாதாரணமாகவே ஆர்.ஓ.வில் குடிப்பதைவிடக் கொட்டுவதுதான் அதிகம். இதில் மாடித் தொட்டியே ராத்திரியில் காலியாகிறது.

எங்கள் ஏ.எம்.சி.யில் வால்வு, பம்ப் எல்லாம் இலவசம். ஃபில்டருக்கும் மெம்பிரேனுக்கும்தான் தனிக் காசு. இலவசமாக மாற்ற வேண்டியதைத் தொடாமல் காசுக்கு விற்கக்கூடியதை மாற்றியது தற்செயல் என்று நம்பச் சொல்கிறீர்களா? கஸ்டமர் கேரில் கேட்டால், "மெம்பிரேன் வாரண்டியில் இருக்கிறது சார்" என்கிறார்கள். சரி, இருக்கட்டும். நான் கேட்டது அதுவா?

வால்வை ஏ.எம்.சி.யின்படி இலவசமாக மாற்றிக் கொடுங்கள். மெம்பிரேனுக்கு வாங்கிய ரூ.3,200-ஐத் திருப்பிக் கொடுங்கள். ஜி.எஸ்.டி. எண் இல்லாத துண்டுச் சீட்டுக்குப் பதிலாக முறையான பில்லும் வேண்டும். அம்மா தனியாக இருக்கும் நேரத்தில் ஆள் அனுப்ப வேண்டாம். எனக்கு போன் செய்துவிட்டு அனுப்புங்கள்.

15 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்துவிட்டு, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். சர்வீஸ் சீட்டின் நகலையும், பிளக் பிடுங்கிய நிலையில் தண்ணீர் ஓடும் வீடியோவையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் ஏ.எம்.சி. வாடிக்கையாளர்