வீட்டுக்குள் அரசியாம்!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் பண்டைய கிரேக்க நகரமான ஏதென்ஸ் பற்றிய கட்டுரையில், ‘பெண்களுக்கு வாக்குரிமைதான் இல்லை, மற்றபடி வீட்டுக்குள் அவர்களே அரசிகள்’ என்று ஒரு வரி. சரி, அரசி என்றே வைத்துக்கொள்வோம். அந்த அரசி ஒரு மெதிம்னோஸ், அதாவது ஏறக்குறைய 52 லிட்டர், வாற்கோதுமையின் விலைக்கு மேல் எந்த ஒப்பந்தமும் செய்ய முடியாது. சட்டம் அவளோடு ஒரே வரியில் சேர்த்துச் சொல்வது சிறு பிள்ளைகளை. வழக்குப் போட வேண்டுமென்றால் ‘கீரியோஸ்’ எனும் ஆண் காப்பாளர் வர வேண்டும்: தகப்பன், சகோதரன், கணவன், விதவையானால் பெற்ற மகன்.

சீதனம் அவளுக்கு அரணாக இருந்ததாம். ஏதென்ஸின் பெரும் பேச்சாளர் டெமாஸ்தெனீஸின் வழக்கு தாங்கள் அறியாததல்ல. அவருடைய தகப்பன் சாகும்போது மனைவியை 80 மினா (அக்காலப் பண அளவு; 60 மினா ஒரு தாலந்து) சீதனத்தோடு அஃபோபஸுக்கும், ஐந்து வயது மகளை 2 தாலந்தோடு தெமோஃபோனுக்கும் நிச்சயித்துவிட்டுப் போனார். அஃபோபஸ் பணத்தை வாங்கிக்கொண்டார், தாலியாவது மோதிரமாவது, கல்யாணமே செய்யவில்லை. சீதனத்தை வாங்கிக்கொண்டு மணக்காவிட்டால் மினாவுக்கு மாதம் 9 ஓபோல் (சிறு காசு) வட்டி என்பது சட்டம். ஒரு மினாவுக்கு 600 ஓபோல். ஆக ஆண்டுக்கு 18 சதவீதம். வளர்ந்தபின் அவர்மேல் வழக்குப் போட்ட டெமாஸ்தெனீஸ் பெருந்தன்மையாக 12 சதவீதமே போட்டு, பத்து ஆண்டுக்கு அசலும் வட்டியுமாகச் சுமார் 3 தாலந்து என்று கணக்குக் காட்டினார். அந்தத் தாயோ நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியாது. மகனின் உரைகளில் அவள் பெயர்கூட இல்லை; கிளியோபுலே என்பது பிற்கால நூல்கள் சொல்லித் தெரிவது. உயிரோடிருக்கும் கௌரவமான பெண்ணின் பெயரைச் சபையில் சொல்லமாட்டார்கள். எதிராளி வீட்டுப் பெண் என்றால் மட்டும் தாராளமாகச் சொல்வார்கள்.

உடன்பிறந்தான் இல்லாத மகளின் கதி இன்னும் மோசம். தகப்பன் இறந்ததும் சொத்தோடு சேர்த்து அவளையும் நெருங்கிய ஆண் உறவினர் கேட்டு வாங்கலாம். முதல் உரிமை சித்தப்பா, பெரியப்பாவுக்கு. சொத்து அவள் பெறும் மகனுக்குப் போகும் வரை அவள் நடுவில் ஒரு வழி, அவ்வளவே. அப்படிக் கட்டிக்கொண்டவன் மாதம் மூன்று முறையாவது அவளோடு கூட வேண்டும் என்று ஏதென்ஸுக்குச் சட்டம் வகுத்த சோலோன் விதித்ததாகப் பிற்கால வரலாற்று எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். அரசியின் அந்தப்புரம்! மணவிலக்கு வேண்டுமென்றால் அவள் நேரில் ஆர்கோன் எனும் நகர அதிகாரியிடம் போய்ப் பதிய வேண்டும். அப்படிப் போன ஹிப்பரேத்தேயை அவள் கணவன், ஏதென்ஸ் தளபதி அல்சிபியாடீஸ், சந்தைவெளி வழியாகத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினான். தடுத்தவர் ஒருவருமில்லை.

இது முதல் தடவையும் அல்ல. ‘மக்களாட்சியின் தாய்வீடு’ என்று ஆண்டுதோறும் தலைப்பு வைக்கிறீர்கள். அந்த ‘மக்கள்’ யார் யார் என்று ஒரு பத்திகூட வந்ததில்லை. ஏதென்ஸ் பெண்ணுக்கு எடுத்துக்காட்டு கேட்டால் உடனே ஏதென்ஸ் தலைவர் பெரிக்ளீஸின் துணைவி ஆஸ்பேசியாவின் படம். அவர் மிலேட்டஸ் எனும் வேறொரு கிரேக்க நகரத்துக்காரர், ஏதென்ஸ் குடிமகள் அல்ல. பெரிக்ளீஸ் தாமே கி.மு. 451இல் கொண்டுவந்த சட்டப்படி அவர்கள் மகனுக்குக் குடியுரிமை இல்லை. பிறகு தனியே அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

‘அந்தக் காலமே அப்படித்தான்’ என்று தங்கள் துணையாசிரியர் பதில் எழுதுவார். கிரீட் தீவில் கோர்ட்டின் நகரச் சட்டம் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் கல்லில் வெட்டப்பட்டது, பெரிக்ளீஸ் காலந்தான். அங்கே மணமுறிவில் பெண் தன் சொத்து முழுவதையும், அதன் விளைச்சலில் பாதியையும், தான் நெய்த துணியில் பாதியையும் எடுத்துப் போனாள். தவறு கணவனுடையது என்றால் மேற்கொண்டு 5 ஸ்டேட்டர் நாணயம். மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. அதுவும் சமம் இல்லைதான், ஆனால் பங்கு என்று ஒன்று இருந்தது.

தொடரைப் புத்தகமாக்கப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். அச்சுக்குப் போகுமுன் அந்த அரசி வரியை எடுத்துவிடுங்கள். ஆஸ்பேசியா படத்தின் கீழ் ‘மிலேட்டஸ்’ என்று ஊரைச் சேருங்கள். இடமிருந்தால் கோர்ட்டின் கல்வெட்டின் படம் ஒன்றும் போடலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கும்பகோணம்